லேபில் வேறு யாரோ இருக்கிறார்கள்

பொறியியல் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர் என்பவர் லெக்சரருக்குக் கீழே, அட்டெண்டருக்கு மேலே, எந்த மிஷின் நின்றுபோனாலும் முதல் குற்றவாளி. தொண்ணூற்று ஒன்றில் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியிலேயே ஏசி இருந்த அறைகள் இரண்டுதான். ஒன்று பிரின்ஸிபாலுடையது, இன்னொன்று எங்கள் கம்ப்யூட்டர் லேப். பிரின்ஸிபால் அறையில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். லேபில் பாதி நேரம் நான் மட்டும்தான்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி பிரேசர் டவுனுக்கு வந்தவள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே, ஆள் இல்லாத பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும் என்பார். எனக்கு அந்த வசதி இல்லை. சத்தம் வந்தால் போய்ப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல்லூரிகளில் எதையாவது பூட்டித் திறக்கிற வேலையில் இருந்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். உங்களுக்கும் இதில் ஒன்றிரண்டாவது நடந்திருக்கும்.

வாசலில் ஒரு ஜோடி

அப்போதெல்லாம் லேபுக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஜுரம் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். கோயில் வாசல் மாதிரி லேப் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். வெளியே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சாயந்திரம் பூட்டும்போது நான் உள்ளே பார்ப்பதற்கு முன்னால் வாசலைத்தான் பார்ப்பேன்.

ஒரு மழைக்கால சாயந்திரம் கடைசி பேட்ச் போன பிறகு பூட்ட வந்தேன். ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் செருப்பு கிடந்தது. "யாருப்பா இன்னும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். ஏசி இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. மானிட்டர்களுக்கெல்லாம் துணி உறை போட்டு மூடியிருந்தது. வரிசை வரிசையாக முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். யாரும் இல்லை. யாரோ மறந்து போயிருக்கிறார்கள் என்று பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளும் அதே செருப்பு, அதே இடம். அதற்கு மறுநாளும். அட்டெண்டரைக் கேட்டேன், தெரியாது என்றார். அந்த வாரம் முழுக்க, உறை போடும்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவர் நாற்காலியை மெதுவாக நகர்த்துவது மாதிரியே இருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் ஸ்டூலை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். தாங்க முடியாமல் கடைசியில் மஞ்சுநாத்திடம் சொன்னேன். மஞ்சு எங்கள் சிஸ்டம் இன்சார்ஜ். தும்கூர்க்காரர். ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்து பக்கத்து வீடுகளிலிருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அது என் பழைய செருப்பு மேடம். பசங்க மவுஸ் உள்ள இருக்கிற உருண்டையைக் கழட்டிட்டுப் போயிடறாங்க. உள்ள ஆள் இருக்குன்னு நெனைச்சு பயப்படட்டும்னு தினமும் வச்சிட்டுப் போறேன். நீங்களும் பயப்படுவீங்கன்னு நான் நெனைக்கல."

கடைசியாக வந்த நாள்

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து படித்த பையன்கள் சிலர் எங்கள் கல்லூரியில் இருந்தார்கள். அவர்களில் தயாளனும் ஆனந்தனும் இணை பிரியாதவர்கள். ஒரே பெட்டியில் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள், லேபில் பக்கத்துப் பக்கத்து டெர்மினலில் உட்காருவார்கள். இரண்டாம் வருஷம் தசரா லீவில் மாலூருக்குப் பக்கத்தில் ஒரு பைக் விபத்தில் தயாளன் இறந்துபோனான். வகுப்பே போய் மாலை போட்டுவிட்டு வந்தது. நானும் போனேன். என் அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு.

அப்போது எங்கள் லேபில் ஒரே ஒரு பெரிய சர்வர். எல்லா டெர்மினலும் அதோடுதான் இணைந்திருக்கும். யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று அதனிடம் கேட்டால் பெயர்களைத் திரையில் காட்டும். லீவு முடிந்து வந்த பிறகு ஒரு மத்தியானம் வழக்கம்போலக் கேட்டேன். பெயர்களுக்கு நடுவில் 'தயாளன்' என்று இருந்தது. பழைய பெயர் எப்படியோ தங்கியிருக்கிறது என்று நினைத்து மறுபடி கேட்டேன். இல்லை. போய்விட்டது. அதாவது, வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தான். இந்தத் தடவை எந்த டெர்மினல் என்று பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில், அவன் எப்போதும் உட்காரும் இடம். எழுந்து வேகமாக நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் திரையில் வெறும் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. அதன்மேல் கையை வைத்தேன். சூடு இருந்தது. துறைத்தலைவரிடம் சொன்னதும், "எவனோ பாஸ்வேர்டைத் திருடியிருக்கான், அக்கவுண்டை அழிச்சிடுங்க" என்றார். நியாயம்தான். ஆனால் அழிப்பதற்கு முன்னால் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த தடவை என் மேஜையில் உட்காராமல் பிரிண்டர் மறைவில் நின்றேன். ஆனந்தன் வந்தான். தன் இடத்தில் பையை வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தட்டினான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை. வெளியேறிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்த் தன் வேலையைத் தொடங்கினான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் மறைக்கவில்லை. அந்த சர்வரில் உள்ளே நுழைந்ததும் முதல் வரியில், இதற்கு முன் நீ கடைசியாக வந்தது இந்தத் தேதி என்று காட்டும். அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த பேட்ச் படித்து முடிக்கும் வரை மஞ்சு அந்த அக்கவுண்டை அழிக்கவில்லை. துறைத்தலைவரும் மறந்துவிட்டார். அன்றைக்கு ஆனந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது இது.

"நான் போகலன்னா தசராவுக்கு முந்தின நாள்னே நின்னுடும் மேடம். தினமும் போனா, நேத்து வந்தான்னு காட்டுது."

காலி நாற்காலியின் குரல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சாப்ட்வேர் கம்பெனிகள் கேம்பஸுக்கு வர ஆரம்பித்தன. பையன்களுக்கு மூளை இருக்கிறது, இங்கிலீஷ் இல்லை என்று அவர்கள் சொன்னதும் எங்கள் நிர்வாகம் ஒரு லாங்வேஜ் லேப் கட்டியது. ஆளுக்கு ஒரு மரத் தடுப்பு, ஒரு ஹெட்போன், ஒரு மைக். ஆசிரியை முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால், எந்த நாற்காலியில் இருப்பவர் பேசுவதையும் கேட்கலாம்.

ஒரு நாள் அந்த ஆசிரியை என் லேபுக்கு வந்தார். வகுப்பை நடுவில் விட்டுவிட்டு வந்திருந்தார். "எஸ்தர், கொஞ்சம் வந்து கேளேன்" என்றார். போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் தன் ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு பட்டனை அழுத்திக் காட்டினார். அது ஆள் வராத நாற்காலி. ஹெட்போன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் என் காதில் ஒரு பெண் குரல் கேட்டது. பாடத்தை வாசிக்கவில்லை. யாரோ எதிரில் நிற்பது போல இங்கிலீஷில் வாதாடிக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்லவில்லை, என்னை ஏன் யாரும் நம்புவதில்லை, நான் அன்று ஹாஸ்டலில்தான் இருந்தேன் என்று தடங்கலே இல்லாமல் பேசியது. நடுநடுவே நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு தொடர்ந்தது. அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்க என்னால் முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

வகுப்பு முடிவதற்குள் மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். லீவில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இடம் மாற்றிச் செருகியிருந்தார்கள். அந்த ஒயர் தூணுக்குப் பின்னால் இருந்த கடைசித் தடுப்பில் போய் நின்றது. அங்கே கலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தூர் பெண். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னாலே அழுதுவிடுவாள். வந்த நாளிலிருந்து அவள் ஒரு முழு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. நான் அடியிலிருந்து எட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஹாஸ்டலில் யாருடையதோ செயின் காணாமல் போய், வார்டன் இவளைக் கேட்டிருக்கிறார். அப்போது வாயைத் திறக்க முடியவில்லையாம். அதற்கப்புறம் தினமும் இங்கே வந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியை அவளை அன்றைக்கே வார்டனிடம் அழைத்துக்கொண்டு போனார். செயின் பிறகு பாத்ரூம் ஜன்னலில் கிடைத்தது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே, வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னாள்.

"எதிர்ல மொகம் இல்லன்னா வருது மேடம். மொகம் வந்துச்சுன்னா குரல் போயிடுது."

தேங்க் யூ

கைரேகை வைக்கிற அட்டெண்டன்ஸ் மிஷின் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது எல்லோரும் முனகினோம். விரலை வைத்தால் திரையில் பெயர் வரும், உள்ளிருந்து ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். பிடிக்கவில்லை என்றால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்". அந்தக் குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் பரீட்சை வேலைக்காக விடிந்ததும் வந்துவிட்டேன். பனி இறங்கி வராந்தாவின் அந்தக் கோடி தெரியவில்லை. நான் படி ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து "தேங்க் யூ" என்று கேட்டது. மேலே வந்து பார்த்தால் யாரும் இல்லை. மிஷினுக்கு முன்னால் போய் நின்றேன். திரையில் 'சீனிவாசன், கணிதம்' என்று பச்சை எழுத்து மின்னிவிட்டு அணைந்தது. சீனிவாசன் சார் முந்தின வருஷமே ரிடையர் ஆகிவிட்டார். பிரிவு விழாவில் அவருக்கு நான்தான் சந்தன மாலை போட்டேன்.

மஞ்சுவிடம் சொன்னேன். அடுத்த நாள் இருவரும் சீக்கிரமே வந்து ஸ்டாஃப் ரூம் கதவுக்குப் பின்னால் நின்றோம். பனியிலிருந்து ஒரு குரங்குக் குல்லா வந்தது, அப்புறம் ஸ்வெட்டர், அப்புறம் சார். அல்சூர் ஏரிக் கரையில் வாக்கிங் போய்விட்டு அங்கிருந்து அப்படியே நடந்து வருகிறார். நேராக மிஷினிடம் போனார், விரலைத் துடைத்துக்கொண்டு வைத்தார். "தேங்க் யூ" என்றது. தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரும்பியவர் எங்களைப் பார்த்துவிட்டார். வெட்கப்படவில்லை. "சம்சாரம் போனப்புறம் வீட்ல சத்தமே இல்லம்மா. இங்க வந்து போனா ஒரு நாள் ஆரம்பிச்ச மாதிரி இருக்கு" என்றார். மஞ்சு அவரை கேன்டீனுக்கு அழைத்துப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தார். வேலையில் இல்லாதவர்களின் ரேகைகளையெல்லாம் எடுத்துவிடும்படி அந்த மாதமே ஆபீசிலிருந்து சொன்னார்கள். மஞ்சு எல்லோருடையதையும் எடுத்துவிட்டார். சாருடையதை மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"விரலை வச்சு, யாருன்னு தெரியலைன்னு அது சொன்னா, அவர் எங்க போவார் மேடம்?"

கூடை

செல்போன் எல்லார் கையிலும் வந்த பிறகு ப்ராக்டிகல் பரீட்சையில் ஒரு புதுச் சடங்கு சேர்ந்துகொண்டது. மாணவர்கள் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு என் மேஜைமேல் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும். பரீட்சை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் ரொம்பக் கறார். தன் போனையும் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

லேபில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஒரு போன் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்து. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூடை முழுக்க நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றோடொன்று உரசி, தேன்கூடு மாதிரி இரைந்தது. கூடை தானாகவே மேஜைமேல் அங்குலம் அங்குலமாக என் பக்கம் நகர்ந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். திரைகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அம்மா. அப்பா. கன்னடத்தில் மனெ. இங்கிலீஷில் ஹோம். உருதுவில் அம்மி. மறுபடி அம்மா. எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தட்டுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள். எக்ஸாமினர், "டோண்ட் டச்" என்றார்.

நான் எடுத்தேன். எது மேலே இருந்ததோ அது. ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். "யாரு எடுத்தாலும் சரிம்மா, அவன் இல்லன்னு மட்டும் சொல்லிடாத." நான் காலேஜில் டீச்சர், பரீட்சை நடக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் என் கண் எதிரே இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பெயரைக் கேட்டு, அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசவிட்டேன். "எக்ஸாம்ல இருக்கேன்மா, என்னா?" என்று எரிச்சலோடு ஆரம்பித்தவன், கொஞ்ச நேரத்தில் "இல்லம்மா, இங்கதான் இருக்கேன், நான்தான்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விஷயம் இதுதான். ஓசூர் ரோட்டில் ஒரு காலேஜ் பஸ் கவிழ்ந்துவிட்டது. டிவியில் கீழே ஓடிய எழுத்தில் வந்த காலேஜ் பெயரும் எங்கள் பெயரும் பாதி ஒன்று. அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அடிதான், உயிர் போகவில்லை என்று சாயந்திரம்தான் தெரிந்தது. அப்போது யாருக்கும் தெரியாது. எக்ஸாமினரே எழுந்து வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் அவரவர் போனைக் கொடுத்தார். லேப் முழுக்க எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருக்கேன், இருக்கேன்.

கடைசியில் கூடையில் ஒரு போன் மிச்சம் இருந்தது. அது ஒரு தடவைகூட நடுங்கவில்லை. ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ரேவதியுடையது. அவள் வந்து எடுத்துப் பார்த்தாள். அப்பா இல்லாத பெண். அம்மா கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். நீயும் பேசிவிடு என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, போனைத் திரும்பக் கூடையிலேயே வைத்தாள். ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"வேலை நேரத்துல உள்ள போன் விடமாட்டாங்க மேடம். எல்லா வீட்லயும் செத்துப் பொழைச்சிட்டாங்க. எங்க வீட்ல மட்டும் நான் இன்னும் சாகவே இல்ல."

நகராத படம்

பரீட்சை ஹாலில் கேமரா வைத்த பிறகு பிரின்ஸிபால் தன் அறையிலேயே டிவியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மத்தியானம் டெஸ்ட் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "ஒரு பொண்ணு இன்னும் போகாம உக்காந்திருக்கு பாருங்க. அனுப்பிட்டு ஹாலைப் பூட்டுங்க." பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் டெஸ்கில் தலையைச் சாய்த்திருந்தாள். ஒரு கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

ஹாலுக்குப் போனேன். யாரும் இல்லை. ஃபேன் எல்லாம் அணைந்திருந்தது. கடைசி வரிசை வரை நடந்து பார்த்தேன். போய்விட்டாள் சார் என்று வந்து சொன்னால், அவர் டிவியைக் காட்டினார். அவள் அங்கேயேதான் இருந்தாள். அதே மாதிரி. தொங்குகிற கை அசையவில்லை. நான் மஞ்சுவை வரவழைத்து டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, மறுபடி ஹாலுக்குப் போனேன். அந்தக் கடைசி டெஸ்க் பக்கத்தில் நின்றுகொண்டு மஞ்சுவுக்கு போன் போட்டேன்.

"சேர்ந்துட்டேன். இங்க யாரும் இல்ல மஞ்சு."

"மேடம், நீங்க எங்க இருக்கீங்க?"

"கடைசி டெஸ்க் பக்கத்துல."

அவர் நாற்காலியை டிவி பக்கம் இழுக்கிற சத்தம் கேட்டது. "இங்க நீங்க தெரியல மேடம். அந்தப் பொண்ணு மட்டும்தான் இருக்கா."

அந்தக் காலி டெஸ்கின் பக்கத்தில் அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கையை நீட்டி அதைத் தொட என்னால் முடியவில்லை. அப்புறம் மஞ்சுவின் குரல் மறுபடி வந்தது, இந்த முறை நிம்மதியாக. "டைம் ஓடல மேடம். மூலையில கடிகாரம் அப்பவே நின்னிருக்கு. படம் ஹேங் ஆயிடுச்சு, அவ்ளோதான்." நான் டெஸ்கில் கையை ஊன்றிக்கொண்டேன். திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொங்கிய கை எனக்குச் சரியாகப் படவில்லை. தூங்குகிறவர்களின் கை அப்படித் தொங்காது. அவள் எழுந்து போனது உண்மை என்றால் எங்கே போனாள்?

ஹாலின் பின் கதவைத் திறந்தால் மொட்டை மாடிக்குப் போகிற படி. மாடிக் கதவு எப்போதும் பூட்டியிருப்பதால் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. படியின் திருப்பத்தில் பவித்ரா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். வாணியம்பாடிப் பெண், சின்ன வயசிலிருந்தே சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொள்பவள். உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டினாள். டெஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டே காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். பாத்ரூம் போவதாக நினைத்துக்கொண்டு தப்பான கதவைத் திறந்திருக்கிறாள். நான் கத்தியதில் மஞ்சு ஓடி வந்தார். அவள் பையில் இருந்த குளுக்கோஸ் பொடியைக் கன்னத்துக்குள் தடவி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சாயந்திரம் அவள் தெளிந்து உட்கார்ந்ததும், எப்படித் தேடி வந்தோம் என்பதை நான் சொன்னேன். டிவியில் அவள் உட்கார்ந்திருந்தது, ஹாலில் இல்லாதது, நான் பக்கத்தில் நின்றும் தெரியாதது எல்லாம். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பவித்ரா மட்டும் பயப்படாமல் சொன்னாள்.

"நான் எந்திரிச்சுப் போயிட்டேன் மேடம். அவதான் நீங்க வர்ற வரைக்கும் போகாம உக்காந்திருந்தா."

இத்தனை வருஷ சர்வீசில் நான் பேய் என்று ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதற்கும் ஒரு ஐடி கார்டு போட்டுக்கொடுத்து, செமஸ்டர் முடிவதற்குள் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி எங்கள் ஆபீஸ் என்னிடம்தான் அனுப்பியிருக்கும்.